பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டுப் போடுவாரா?

நீங்கள் கேட்டிருப்பது இது: "அமெரிக்காவில் எண்பதைத் தொடும் ஆண்களை அதிபர் வேட்பாளராக நிறுத்தத் தயங்குவதில்லை. ஒரு பெண்ணை மட்டும் இதுவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பார்ப்பது சரியா? 75 வயதைத் தாண்டியவர்களுக்கு மூளைத்திறன் சோதனை வைக்க வேண்டும் என்று குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்ற நிக்கி ஹேலி சொன்னதில் என்ன தப்பு?" படித்ததும் எனக்குத் தோன்றியது, இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன என்பதுதான். சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒன்று. நடைமுறையில் யார், எந்த இடத்தில், எப்படி வடிகட்டுகிறார்கள் என்பது இன்னொன்று. பார்க்கலாமா கூடாதா என்பது மூன்றாவது. முதலாவதற்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதற்குப் பாதி உறுதி. மூன்றாவதற்கு என் கருத்தைத்தான் சொல்ல முடியும்.

திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் 26 வருடம் அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அமெரிக்க அரசியலமைப்பு எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு தாள். அதை ஏட்டில் மட்டும் பார்த்து நடத்திக்கொண்டிருந்த எனக்கு 2019-20-இல் அயோவா மாநிலத்தில் ஒரு வருடம் தங்கும் வாய்ப்பு கிடைத்தது. நேரில் பார்த்தேன் என்று நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு வருடத்தில் பார்த்தது. கருத்துக்கணிப்பு நடத்தும் நிபுணன் இல்லை, மருத்துவனும் இல்லை.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு அதிபருக்கு மூன்று தகுதிகளைத்தான் கேட்கிறது: பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும், 14 வருடம் அந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். மேல் வரம்பு கிடையாது. ஆண்தான் ஆகலாம் என்றும் எங்கும் எழுதவில்லை, 'அவன்' என்று ஆண்பாலில் எழுதி வைத்திருக்கிறார்களே தவிர. அதனால்தான் பெண்களுக்கு நாடு முழுக்க வாக்குரிமை தந்த 19-ஆவது திருத்தம் 1920-இல் வருவதற்கு 48 வருடம் முன்பே விக்டோரியா வுட்ஹல் என்ற பெண்மணி 1872-இல் அதிபர் தேர்தலில் நின்றார். தனக்கே ஓட்டு இல்லாத ஒருவர் நாட்டின் ஓட்டைக் கேட்டார். வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: அவர் ஜெயித்திருந்தால் பதவியேற்க முடிந்திருக்குமா? மாணவர்கள் 'பெண் என்பதால் முடியாது' என்பார்கள். வுட்ஹல் பிறந்தது 1838 செப்டம்பரில். பதவியேற்பு நாள் 1873 மார்ச் 4. அன்று அவருக்கு வயது 34. பெண் என்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை, வயதுக்கு இருந்தது. ஆனால் அன்றைக்கு அவரைக் கேலி செய்த பத்திரிகைகளுக்கு வயது ஒரு பொருட்டாகவே இல்லை. தேர்தல் நாளன்று அவர் நியூயார்க் சிறையில் இருந்தார், ஒரு பிரபல பாதிரியாரின் கள்ள உறவைத் தன் பத்திரிகையில் அம்பலப்படுத்தியதற்காக.

ஆக, வடிகட்டி சட்டத்தில் இல்லை, கட்சியில் இருக்கிறது. 1968 வரைக்கும் பெரும்பாலும் கட்சிப் பெரியவர்கள் மாநாட்டில் கூடிப் பேசித்தான் வேட்பாளரை முடிவு செய்தார்கள். அந்த வருடம் சிகாகோ மாநாட்டில் நடந்த களேபரத்துக்குப் பிறகு விதிகள் மாறி, சாதாரண வாக்காளர்கள் உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை கெட்டிப்பட்டது. பெரியவர்கள் கையிலிருந்து பறித்துவிட்டால் பாகுபாடு குறையும் என்று எதிர்பார்ப்போம் இல்லையா? ஓரளவு குறைந்தது. ஆனால் ஒரு விசித்திரமும் சேர்ந்து நடந்தது. 'ஜெயிக்கிற குதிரை எது' என்று கணக்குப் போடும் வேலை தலைவர்களிடமிருந்து வாக்காளரின் தலைக்குள் போய்விட்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

அயோவாவில் அப்போது காக்கஸ் என்று ஒரு முறை. 2020 பிப்ரவரி 3 இரவு, வெளியே பனி, ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கம். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வந்து அவரவருக்குப் பிடித்த வேட்பாளரின் பெயர் ஒட்டியிருக்கும் மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் சேராத கூட்டம் கலைந்து வேறு மூலைக்குப் போக வேண்டும். ரகசியம் என்பதே கிடையாது, ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி. நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா என்னையும் பார்வையாளராகக் கூட்டிப் போயிருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 72. அந்த இலையுதிர்காலம் முழுக்க அவர் வீட்டு முன்புறப் புல்வெளியில் எலிசபெத் வாரன் பெயர் போட்ட அட்டை நட்டிருந்தது. காற்றில் சாயும்போதெல்லாம் நான்தான் நிமிர்த்தி வைப்பேன். அரங்கத்துக்குள் நுழைந்ததும் அந்த அம்மா வாரன் மூலையைப் பார்த்துக் கையசைத்துவிட்டு நேராக ஜோ பைடன் மூலைக்குப் போய் நின்றார். முதல் சுற்றிலேயே.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன். "எனக்கு வாரன்தான். ஆனால் என் தம்பி பென்சில்வேனியாவில் இருக்கிறான். அவன் ஒரு பொம்பளைக்குப் போட மாட்டான். அந்த மாநிலம் போனால் எல்லாம் போச்சு" என்றார். மூன்று வாரம் கழித்து அந்தத் தம்பியே வந்திருந்தார். நான் விடுவேனா, சாப்பாட்டு மேசையில் அவரிடமும் கேட்டேன். "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஊரில் இருக்கிறவர்கள்தான் ஏற்க மாட்டார்கள்" என்றார். அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேர் சொன்னதை வைத்துத் தேசத்தை அளக்கக் கூடாதுதான். ஆனால் அளந்து பார்த்தவர்களும் இதையே கண்டிருக்கிறார்கள். 2019-இல் இப்சாஸ் நிறுவனம் நடத்திய ஒரு கணிப்பில் ஜனநாயகக் கட்சியினரும் கட்சி சாராதவர்களுமான வாக்காளர்களில் நான்கில் மூன்று பேர் பெண் அதிபர் வந்தால் தங்களுக்குச் சம்மதம் என்றார்கள். அக்கம்பக்கத்தாருக்கும் சம்மதமாக இருக்கும் என்று நம்பியவர்களோ மூன்றில் ஒருவர்தான். தன் மனசு விசாலம், பக்கத்து வீட்டுக்காரன்தான் பத்தாம்பசலி என்று எல்லோரும் நினைத்தால், அந்தத் தெருவில் யாருமே பத்தாம்பசலியாக இல்லாமல் போனாலும் முடிவு பத்தாம்பசலியாகத்தான் வரும். இந்த இரண்டாம் கை பாகுபாடுதான் அதிபர் வேட்பாளர் தேர்வில் அதிக வேலை செய்கிறது என்பது என் முடிவு. நேரடி வெறுப்பைவிட இதைப் பிடிப்பது கடினம். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, எல்லோரும் 'நடைமுறை' பேசுகிறார்கள்.

நேரடி வெறுப்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது? இங்கேதான் உறுதி குறைகிறது. 'உங்கள் கட்சி தகுதியான ஒரு பெண்ணை நிறுத்தினால் போடுவீர்களா' என்ற மாதிரி ஒரு கேள்வியைக் கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் (Gallup) நிறுவனம் 1937-இலிருந்து கேட்டுவருகிறது. அன்று 'போடுவேன்' என்றவர்கள் 33 சதவீதம். 2019-இல் 94 சதவீதம். அதே 2019 கணிப்பில் 70 வயது தாண்டியவருக்குப் போடுவேன் என்றவர்கள் 63 சதவீதம்தான். இந்தக் கணக்கை அப்படியே நம்பினால் வயதானவருக்குத்தான் கதவு இறுகியிருக்க வேண்டும், பெண்ணுக்கு அகலத் திறந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். ஏன்? வயதைப் பற்றிக் கேட்டால் ஆள் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்வார், பெண்ணைப் பற்றிக் கேட்டால் சபை நாகரிகம் பார்ப்பார் என்பது ஒரு விளக்கம். இதைச் சோதிக்க ஒரு கெட்டிக்கார வழி இருக்கிறது. மக்களை இரண்டு பாதியாகப் பிரிப்பார்கள். ஒரு பாதியிடம் பெட்ரோல் விலை உயர்வு போல நான்கு விஷயங்களைக் கொடுத்து, 'இதில் எத்தனை விஷயம் உங்களை எரிச்சல்படுத்துகிறது? எது என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும்' என்பார்கள். மறு பாதியிடம் அதே நான்கோடு ஐந்தாவதாக 'ஒரு பெண் அதிபராவது' என்பதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். சராசரியில் வரும் வித்தியாசம்தான் ஒளித்துவைத்த எரிச்சல். 2008-இல் வெளியான ஆய்வில் அது சுமார் கால் பங்கு வந்தது. 2016-ஐ ஒட்டித் திரும்பச் செய்தபோது அதில் பாதியாகக் குறைந்திருந்தது. ஆக, குறைந்துவருகிறது, ஆனால் காலப் காட்டும் ஆறு சதவீதத்தைவிட அதிகம். இந்த முறையில் பிழை வரம்பு பெரிது என்பதால் இதற்கு மேல் துல்லியமாகப் பேசுவது சரியில்லை.

இப்போது உங்கள் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம். வயது ஒரு தராசு, பாலினம் இன்னொரு தராசு என்பதுபோல் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றாகப் பின்னியவை. ஒரே வயது ஆணுக்கு ஒரு மாதிரியும் பெண்ணுக்கு வேறு மாதிரியும் கணக்காகிறது. 1972 நவம்பரைப் பாருங்கள். அந்தத் தேர்தலில் இரண்டு இளைஞர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்கள். டெலவேரிலிருந்து செனட் என்ற மேலவைக்கு ஜோ பைடன். தேர்தல் நாளன்று வயது 29, பதவியேற்பதற்குள் செனட்டுக்குத் தேவையான 30 ஆகிவிட்டது. கொலராடோவிலிருந்து கீழவைக்கு பாட்ரிசியா ஷ்ரோடர், வயது 32. பைடனின் மனைவியும் பெண் குழந்தையும் அந்த டிசம்பரில் கார் விபத்தில் இறந்தார்கள், இரண்டு பொடிப் பையன்கள் மிஞ்சினார்கள். மருத்துவமனையில் நின்று பதவியேற்றார், பிறகு பல வருடம் வில்மிங்டனிலிருந்து வாஷிங்டனுக்கு தினமும் ரயிலில் போய் வந்தார். அந்த ரயில் பயணம் அவருடைய அரசியல் வாழ்க்கைக்கே அடையாளமாகிப்போனது, நியாயமாகத்தான். ஷ்ரோடருக்கும் இரண்டு சின்னக் குழந்தைகள். வாஷிங்டனில் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, 'தாயாகவும் உறுப்பினராகவும் எப்படி இருப்பீர்கள்?' "எனக்கு மூளையும் இருக்கிறது, கருப்பையும் இருக்கிறது, இரண்டையும் பயன்படுத்துகிறேன்" என்றார் அவர். 1987-இல் அதிபர் வேட்பாளராகலாமா என்று நாடெங்கும் சுற்றிப் பார்த்துவிட்டு, டென்வரில் மேடையேறி 'நிற்கவில்லை' என்று சொல்லும்போது அழுதுவிட்டார். அந்தக் கண்ணீரைப் பல வருடம் பேசினார்கள். அழுத ஆண் தலைவர்கள் உண்டு, அது அவர்களுக்கு 'மனிதாபிமானம்' கணக்கில் போகும்.

இந்தக் கேள்விக்குப் பயந்து பல பெண்கள் செய்தது, குழந்தைகள் வளரும்வரை காத்திருந்தது. நான்சி பெலோசி ஐந்து பிள்ளைகளை வளர்த்துவிட்டுக் கீழவைக்கு வந்தபோது வயது 47. வாரன் செனட்டுக்குள் நுழைந்தது 63-இல். பைடன் 30-இல் நுழைந்த அதே சபை. அதிபர் நாற்காலியை எட்டத் தேவையான அனுபவத்தைச் சேர்ப்பதற்குள் ஒரு பெண்ணுக்கு வயது ஏறிவிடுகிறது, ஏறியதும் அடுத்த கேள்வி தயாராக நிற்கிறது. 1964-இல் மார்கரெட் சேஸ் ஸ்மித் குடியரசுக் கட்சி மாநாட்டில் தன் பெயரை முன்மொழிய வைத்தார், பெரிய கட்சியொன்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. 15 வருடத்துக்கு மேல் செனட் அனுபவம். மாநாட்டில் கிடைத்தது 27 ஓட்டு. அப்போது அவருக்கு வயது 66, பத்திரிகைகள் அதை விடாமல் எழுதின. 2023 பிப்ரவரியில் ஹேலி வேட்பாளராக அறிவித்தபோது அவருக்கு 51. அவர் 'தன் உச்சப் பருவத்தில் இல்லை', ஒரு பெண்ணுக்கு அது இருபது, முப்பது, மிஞ்சிப்போனால் நாற்பதுகளில்தான் என்று சிஎன்என் தொகுப்பாளர் ஒருவர் நேரலையிலேயே சொன்னார், பிறகு மன்னிப்புக் கேட்டார். களத்தில் முன்னணியில் இருந்த இரு ஆண்களில் ஒருவருக்கு 80, மற்றவருக்கு 76. சின்ன வயதென்றால் குழந்தையை யார் பார்ப்பது, நடு வயதென்றால் உச்சம் போச்சு, மூத்தவரென்றால் உடம்பு தாங்குமா. நடுவில் பெண்ணுக்கென்று விட்டிருக்கும் இடைவெளியில் ஒரு சைக்கிள்கூட நுழையாது.

1984-ஐப் பற்றி மட்டும் ஒரு முழு வகுப்பு எடுப்பேன், ஏனென்றால் அந்த ஒரே தேர்தலில் இரண்டு கேள்வியும் மேடையேறின. அதிபராக இருந்த ரொனால்ட் ரீகனுக்கு 73. முதல் விவாதத்தில் தடுமாறினார், வயதுப் பேச்சு கிளம்பியது. அக்டோபர் 21 இரண்டாவது விவாதத்தில் கேள்வி வந்ததும், "வயதை நான் பிரச்சினையாக்கப் போவதில்லை. என் எதிராளியின் இளமையையும் அனுபவக்குறைவையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்த மாட்டேன்" என்றார். எதிராளி வால்டர் மாண்டேலுக்கு 56, துணை அதிபராக இருந்தவர், அவரே சிரித்துவிட்டார். ஒரு நகைச்சுவையில் வயது விவகாரம் முடிந்தது, ரீகன் 49 மாநிலங்களை வாரினார். பத்து நாள் முன்பு துணை அதிபர் வேட்பாளர்கள் விவாதத்தில், மாண்டேலோடு நின்ற ஜெரால்டின் ஃபெராரோ என்ற பெண்மணிக்கு, ஈரானுக்கும் லெபனானுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் உதவி செய்து விளக்குகிறேன் என்றார் ரீகனோடு நின்ற ஜார்ஜ் புஷ். வெளியுறவைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கும் அந்தத் தோரணை பிடிக்கவில்லை என்று ஃபெராரோ முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்தார். நல்ல அடி. ஆனாலும் 'அணுகுண்டுப் பொத்தானை அழுத்தும் தைரியம் உண்டா' என்ற கேள்வி தொலைக்காட்சியில் அவரிடம் கேட்கப்பட்டதுதான். வயதானவர் ஒரு ஜோக் அடித்துத் தப்பலாம். பெண் ஜோக் அடித்தால் 'பொறுப்பில்லை' என்பார்கள், அடிக்காவிட்டால் 'விறைப்பு'. இது என் கணிப்பு, நிரூபணம் கேட்காதீர்கள்.

சரி, 'பெண் என்பதால்தான் ஹிலாரியும் கமலாவும் தோற்றார்கள்' என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பெரிய கட்சிகளின் அதிபர் வேட்பாளராக வந்த பெண்கள் மொத்தமே இரண்டு பேர், இருவரும் தோற்றது ஒரே ஆளிடம், டொனால்ட் டிரம்பிடம். இரண்டை வைத்து விதி எழுத முடியாது. 2016-இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுக்க எதிராளியைவிடச் சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கினார். ஆனால் அங்கே முடிவு மாநிலவாரிக் கணக்கில்தான், தோற்கடித்தது மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் சேர்த்து சுமார் 78,000 ஓட்டு. 2020-இல் பைடனைக் காப்பாற்றியதும் மூன்று மாநிலங்களில் சேர்த்து சுமார் 43,000 ஓட்டுதான். இந்த நூலிழை வித்தியாசத்தில் 'ஆண்தான் ஜெயிப்பான்' என்ற பாடம் எங்கிருந்து வருகிறது? 2024-இல் கமலா ஹாரிஸ் சுமார் ஒன்றரை சதவீதப் புள்ளியில் தோற்றார். ஆனால் விலைவாசிக் கோபம், செல்வாக்கிழந்த ஆட்சியின் துணை அதிபர் என்ற சுமை, வெறும் 107 நாள் பிரச்சாரம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பாலினத்தின் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுப்பது சாம்பாரிலிருந்து உப்பைப் பிரிப்பது மாதிரி. இருக்கிறது என்று நாக்கு சொல்லும், எவ்வளவு என்று கரண்டியால் எடுத்துக் காட்ட முடியாது. (இந்தத் தேர்தலில் நம் ஊர் ஆர்வம் புரிகிறது. அவருடைய தாய்வழித் தாத்தாவின் பூர்வீகம் மன்னார்குடி அருகே துளசேந்திரபுரம், அங்கே கோயிலில் அர்ச்சனை நடந்தது. ஆனால் அர்ச்சனையையும் அரசியலையும் கலக்க வேண்டாம்.)

பின்னூட்டத்தில் ஒருவர், 'நாம் 1966-லேயே பெண்ணைப் பிரதமராக்கினோம், இலங்கை 1960-லேயே ஆக்கியது' என்று பெருமைப்பட்டிருக்கிறார். உண்மைதான், ஆனால் கதவு வேறு. 1966-இல் இந்திராவைத் தேர்ந்தெடுத்தது வாக்காளர்கள் இல்லை, காமராஜர் முன்னின்று ஒருங்கிணைத்த காங்கிரஸ் எம்.பி.க்கள், 355-க்கு 169. தோற்றவர் 69 வயது மொரார்ஜி தேசாய், ஜெயித்தவருக்கு 48. அதே மொரார்ஜி 1977-இல் 81 வயதில் பிரதமரானார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள், ஆணுக்குக் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று தெரியும். இலங்கையில் நேரடி அதிபர் தேர்தலிலேயே 1994-இல் முதன்மையான இரண்டு வேட்பாளர்களும் பெண்கள்: சந்திரிகா குமாரதுங்கவும் ஸ்ரீமா திசாநாயக்கவும். இருவருமே படுகொலை செய்யப்பட்ட அரசியல்வாதிகளின் மனைவியர். ஸ்ரீமா, கணவர் காமினி குண்டுவெடிப்பில் இறந்த சில நாட்களிலேயே அவருடைய இடத்தில் நிறுத்தப்பட்டவர். நம் பக்கத்தில் பெண்ணுக்கு வழிவிட்டது பெரும்பாலும் குடும்பப் பெயர். அமெரிக்காவில் அந்த வழி பெரிய கட்சியின் அதிபர் வேட்பாளர் என்ற இடம்வரை ஓரளவு உதவியது ஹிலாரிக்கு மட்டும்தான். எனக்கு மெக்சிகோதான் பாடமாகத் தெரிகிறது. நாடாளுமன்ற வேட்பாளர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2014-இல் அரசியலமைப்பிலேயே எழுதினார்கள், 2019-இல் மற்ற பதவிகளுக்கும் விரித்தார்கள். 2024-இல் இரண்டு முன்னணி அணிகளும் பெண்ணையே நிறுத்தின, கிளாடியா ஷேன்பாம் கிட்டத்தட்ட 60 சதவீதம் வாங்கி ஜெயித்தார். அவர் அதற்கு முன் தலைநகரின் ஆட்சித் தலைவர். பக்கத்து வீட்டுக்காரர் ஒப்புவாரா என்று யாரும் கணக்குப் போட வேண்டிய அவசியமே வரவில்லை, இரண்டு பக்கமும் பெண்.

இனி, பார்ப்பது சரியா என்ற கேள்வி. பாலினம் பார்த்து வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது தகுதிக்கு இழுக்கு என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: துணை அதிபரை இதுவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? 1960-இல் கென்னடி டெக்சாஸ்காரரான ஜான்சனைச் சேர்த்துக்கொண்டது தென்மாநில ஓட்டுக்காக. 2008-இல் 47 வயது ஒபாமா 65 வயது பைடனைத் தேடிப் பிடித்ததில் தலை நரைத்த அனுபவம் பக்கத்தில் நிற்கட்டும் என்பதும் ஒரு காரணம். 78 வயது டிரம்ப் 2024-இல் 39 வயது வான்ஸை எடுத்தார். ஊர், மதம், வயது பார்த்து எடுத்தால் அது 'வியூகம்'. 2020 மார்ச்சில் பைடன் துணை அதிபராக ஒரு பெண்ணைத்தான் எடுப்பேன் என்று அறிவித்ததும் அது 'ஒதுக்கீடு' ஆகிவிட்டது, நான்கு வருடம் கழித்தும் சிலர் அந்தச் சொல்லாலேயே கமலாவை அடித்தார்கள். வெளிப்படையாக முன்கூட்டிச் சொன்னதுதான் பைடன் செய்த தப்பு என்று நினைக்கிறேன். சொல்லாமல் செய்திருந்தால் அந்தக் கமலாவே 'சிறந்த தேர்வு' ஆகியிருப்பார்.

வயது வேறு விஷயம். பெண் என்பது வேலைத்திறனைப் பற்றி எதையும் சொல்லாது, வயது ஏதோ கொஞ்சம் சொல்லும். ஆனால் நினைப்பதைவிடக் குறைவாகச் சொல்லும். அதிபர் ஒருவர் இயங்க முடியாமல் போய், மனைவி யாரையும் அண்ட விடாமல் கோப்புகளைத் தானே வடிகட்டிக் கொடுத்த கதை 1919-இல் நடந்தது, பக்கவாதம் வந்த உட்ரோ வில்சனுக்கு அப்போது 62. தேர்வான அதிபர்களிலேயே இளையவரான கென்னடி 43 வயதில் வந்தவர், அடிசன் நோய் என்ற சுரப்பிக் கோளாறை மறைத்துக்கொண்டு வந்தார். மறைப்புதான் இந்தக் கதைகளில் பொது. 2024 ஜூன் 27 இரவு அட்லாண்டா விவாதத்தில் பைடன் வாக்கியத்தைத் தொலைத்துவிட்டு நின்றதை நான் காலையில் காபியோடு பார்த்தேன், டம்ளர் ஆறிப்போனது. வயது 81 என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். அதிர்ச்சி, சுற்றியிருந்தவர்கள் அதுவரை சொன்னதற்கும் திரையில் கண்டதற்கும் இருந்த தூரத்தில்தான். ஜூலை 21-இல் விலகினார். 'தன் எண்பது வயது வேட்பாளரை முதலில் ஓய்வு கொடுத்து அனுப்பும் கட்சிதான் ஜெயிக்கும்' என்று அந்த வருடத் தொடக்கத்தில் ஹேலி சொல்லியிருந்தார். அனுப்பிய கட்சி தோற்றது, அனுப்பாத கட்சி ஜெயித்தது, பதவியேற்கும் நாளில் அமெரிக்க வரலாற்றிலேயே அதிக வயதான அதிபராக டிரம்ப் ஆனார், பைடனை ஐந்து மாதத்தில் முந்தி.

மேல் வயது வரம்பு வைக்கலாமே என்றால், பியூ ஆய்வு மையத்தின் 2023 கணிப்பில் 79 சதவீதம் பேர் வாஷிங்டனில் தேர்வாகும் பதவிகளுக்கு அதை ஆதரித்தார்கள். ஆனால் அதிபருக்கு வைக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டும்: இரு அவையிலும் மூன்றில் இரண்டு, பிறகு 38 மாநிலங்கள். தனி மாநிலம் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வடக்கு டகோட்டா 2024-இல் வாக்கெடுப்பு நடத்தி வைத்திருக்கிறது, மாநிலங்கள் கூடுதல் தகுதி சேர்க்க முடியாது என்ற 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எதிரே நிற்கிறது.

ஹேலி கேட்ட சோதனைக்கு வருகிறேன். இந்த மாதிரிப் பேச்சில் அடிக்கடி அடிபடுவது மான்ட்ரியல் சோதனை என்ற ஒன்று. மொத்தம் 30 மதிப்பெண், பத்து நிமிடம். கடிகாரம் வரையச் சொல்வார்கள், விலங்குப் படங்களுக்குப் பெயர் கேட்பார்கள், ஐந்து சொற்களைச் சொல்லிக் கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். மறதி நோயின் தொடக்க அறிகுறி உண்டா என்று பார்த்து, இருந்தால் மேல் சோதனைக்கு அனுப்பத்தான் அது. அதில் முப்பதுக்கு முப்பது வாங்கியவர் நாட்டை ஆளத் தகுதியானவர் என்று ஆகாது, 2018-இல் டிரம்ப் வாங்கியபோது அப்படித்தான் கொண்டாடினார்கள். என் ஆட்சேபம் இரண்டு. சோதனையை யார் நடத்துவது? அதிபரின் மருத்துவரென்றால் அவர் அதிபருக்குக் கீழே வேலை பார்ப்பவர், சுயேச்சைக் குழுவென்றால் அதை நியமிப்பது யார் என்று அடுத்த சண்டை. இரண்டாவது, 75 என்று கோடு போட்டால் 62 வயது வில்சன் அதற்குள் சிக்க மாட்டார். வயது பார்க்காமல், இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களும் முழு மருத்துவ அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்றால் நான் கையெழுத்துப் போடுவேன். இப்போது அதற்குச் சட்டம் கிடையாது, அவரவர் விருப்பப்பட்டால் மருத்துவரின் கடிதம் ஒன்றைக் காட்டுகிறார்கள். கமலா 2024 அக்டோபரில் காட்டினார், டிரம்பிடம் கேட்டதற்கு முழு அறிக்கை வரவில்லை, தேர்தல் அது இல்லாமலே நடந்து முடிந்தது.